காற்றில் வந்ததும் கம்பியில் போனதும்

கல்முனைக்குத் தெற்கே போகும் பெருந்தெருவில் சீமெந்துத் தரை போட்ட முதல் தேத்தண்ணிக் கடை என்னுடையது. அதற்கு முன்பெல்லாம் மணலில்தான் வாங்கு போடுவார்கள். வாங்கின் ஒரு கால் புதையும், குடிக்கிறவன் சரிந்துகொண்டே குடிப்பான், தேத்தண்ணி என்றால் சரிந்துதான் குடிக்க வேண்டும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன். பிறகு கோதுமை மாவுப் பாண் சுடப் போறணை அடுப்புக் கட்டினேன். சூளைக்காரன் கடனுக்குக் கல் தர மாட்டேன் என்றான். வெள்ளத்தில் விழுந்துபோன ஒரு பழைய மடுவக் கொட்டகையின் செங்கல்லைப் பொறுக்கி, வண்டில் பிடிக்க வழியில்லாமல் தலையில் சுமந்து வந்து கட்டினேன். கடலோரம், உவர்த் தண்ணீர்தான் வரும் என்று எல்லோரும் சொன்ன இடத்தில் கிணறு வெட்டி நல்ல தண்ணீர் கண்டேன். கண்ட பிறகு, அங்கே நல்ல தண்ணீர் இருப்பது தங்களுக்கு முன்பே தெரியும் என்று அதே ஆட்கள் சொன்னார்கள். வாடகைச் சைக்கிள் விட்டேன். அரிக்கன் லாம்பு அணைந்ததும் கடையைப் பூட்டுகிற காலத்தில் பெற்றோமாக்ஸ் கொளுத்தினேன். பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. தாண்டினவர்களில் பல பேர் என் கடையில் கடன் சொல்லித்தான் தேத்தண்ணி குடித்தார்கள்.

நிலம் மட்டும் பெண்சாதியுடையது. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் போக வேண்டும்; வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். ஆகவே நான் கட்டியதெல்லாம் அவளுடைய மண்ணின்மேல்தான் நிற்கிறது என்று சில பேர் சொல்லித் திரிவார்கள். மண் தானாக எழும்பிப் போறணையாக நின்றதா என்று அவர்களிடம் கேட்பேன்.

இதெல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் ஊருக்கு றேடியோ கொண்டுவந்தவனும் நான்தான். ஐம்பதுகளின் தொடக்கம் அது. இங்கினியாகலையில் பெரிய அணையைக் கட்டி முடித்துவிட்டு வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வேலைத்தளத்துக்குப் பாணும் கருவாடும் கொண்டுபோய் விற்றவன். ஊர் திரும்பப் போகும் ஒரு மேற்பார்வைக்காரர் தன்னுடைய றேடியோவை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவருக்கு என்னிடம் பாண் பாக்கி இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலேயே பேசி முடித்தோம். வண்டிலில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பெட்டியை வைத்து, பிள்ளைத்தாச்சியைக் கொண்டுவருகிற மாதிரிக் கொண்டுவந்தேன்.

அது கார் பற்றரியில் பாடுகிற பெட்டி. பற்றரி இளைத்தால் நெல்லு ஆலைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏரியல் உயரத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். வளவுக்குள் நின்ற கமுகு மரத்தின் தலையில் நானே ஏறிச் செப்புக் கம்பியைக் கட்டினேன். கொழும்பிலிருந்து செய்தி வந்தது, கிறாஅத் ஓதல் வந்தது, சினிமாப் பாட்டு வந்தது. செய்தி கேட்க வந்தவர்கள் பாட்டையும் கேட்டார்கள். பாட்டுக் கேட்கக் கூடாது என்றவர்கள் அடுத்த செய்தி வரும் வரைக்கும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

முதல் வருஷம் நோன்பு முடிகிற நேரம் வானம் இருண்டுபோய்க் கிடந்தது. பிறை தெரியவில்லை. என் றேடியோவில்தான் கொழும்பிலிருந்து பிறை கண்ட செய்தி வந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்துத் தலைமை மரைக்கார் என் கடை வாசலில் நின்று காதால் கேட்டு, ஊருக்குப் பறை அடிக்கச் சொன்னார். அடுத்த நாள் பெருநாள். அந்தப் பெருநாளை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவன் நான் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அடுத்த நோன்புக்கு முந்திய மாதம், தபால் கந்தோரிலிருந்து ஓர் ஐயா சைக்கிளில் வந்திறங்கினார். வெள்ளைக் களிசான், கையில் தோல் பை. யாழ்ப்பாணத்து ஆள், மரியாதையான மனிதர். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, காசையும் வைத்துவிட்டுத்தான் கேட்டார், லைசன் இருக்கிறதா என்று.

லைசன் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். வருஷா வருஷம் அரசாங்கத்துக்குக் காசு கட்டி, றேடியோ கேட்க அனுமதி வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. மறந்துபோய் வாங்காமல் விட்டவன் இல்லை. யோசித்து, சரியில்லை என்று முடிவெடுத்து வாங்காமல் விட்டவன். அதை அவருக்கு விளங்கப்படுத்தினேன். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். எங்கள் வளவுக்கு அடுத்ததாக, ஒரு கிடுகு வேலிக்கு அப்பால் தையல் கடை வைத்திருந்த என் மச்சானும் இருந்தார். பெண்சாதியின் காக்கா, கூடப் பிறந்த மூத்தவர். வாய் நிறையக் குண்டூசியோடு திரிகிறவர், ஆகவே அதிகம் கதைக்காதவர்.

“ஐயா, கொழும்பில பாடுறான். அது காத்துல வருது. நான் போய்க் கூப்பிடல்ல. கதவத் தட்டி உள்ள வரல்ல. எங்கட தலைக்கு மேலால, எங்கட கமுகுக்கு மேலால அதுபாட்டுக்குப் போகுது. நான் கேட்டாலும் போகுது, கேக்காட்டியும் போகுது. நான் கேட்டதால கொழும்பில ஒரு சொட்டுச் சத்தம் குறைஞ்சதா? குறையாத பொருள எடுத்தா அது எப்பிடி ஐயா களவு?”

ஐயா பொறுமையாகச் சொன்னார், பாடுகிறவனுக்கும் வாசிக்கிறவனுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும், மெஷின் ஓட வேண்டும், அதற்கெல்லாம் காசு கேட்கிறவர்களிடமிருந்துதான் வர வேண்டும் என்று.

“மழை பெய்யுறதுக்கும் காசு கேப்பியளோ?” என்றேன்.

கடை அதிர்ந்துபோய்ச் சிரித்தது. மரைக்கார்மார் இரண்டு பேர்கூடச் சிரித்தார்கள். ஐயாவும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் பையைத் தூக்கினார். பெருநாளைக்கு முதல் திரும்பி வருவேன், லைசன் இல்லாவிட்டால் பெட்டியைக் கொண்டுபோவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கவலைப்படவில்லை. சொல்லில் வென்றவன் பெட்டியைத் தோற்பானா என்று நினைத்தேன். படித்தவனை வாயடைக்கப் பண்ணின அந்தக் கதை மாவடிப்பள்ளி வயல் வரைக்கும் போய், அங்கே அரிவி வெட்டுகிறவர்கள் சொல்லிச் சிரித்ததாக எனக்குத் தகவல் வந்தது.

நோன்பு பிறந்தது. பகலில் தேத்தண்ணிக் கடை பூட்டு. நோன்பு திறந்து, தறாவீஹ் தொழுது முடிந்த பிறகுதான் வியாபாரம். தையல்காரருக்கு நேர்மாறு. நோன்பு மாதம்தான் அவருக்கு அறுவடை. சட்டை தைக்கக் கொடுத்தவனெல்லாம் அவர் வாசலில் தவம் கிடப்பான். இரண்டாம் கிழமையில் நான் கண்டது என்னவென்றால், தொழுதுவிட்டு வருகிற ஆட்கள் என் கடை வாசலைத் தாண்டி, தையல் கடைக்கு முன்னால் பாய் விரித்து உட்காருகிறார்கள். சட்டை தைக்கக் கொடுக்காதவனும் உட்காருகிறான். வீட்டிலிருந்து போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தே உட்காருகிறான். என் றேடியோவின் சத்தம் இளைத்துப்போயிருந்தது. புதுப் பற்றரிதான். ஆனால் அங்கே, மச்சானின் கூரைக்குக் கீழே, அதே பாட்டு, அதே நேரத்தில், என்னுடையதைவிடத் தெளிவாகக் கேட்டது.

பெட்டிக்குப் பின்னால் கையை விட்டேன். ஒரு கம்பி பிடிபட்டது. அதைத் தடவிக்கொண்டே போனேன். கிடுகுச் சுவரில் ஓர் ஓட்டை, பிறகு கமுகடி, பிறகு வேலி, வேலிக்கு அப்பால் மச்சானின் தையல் மெஷின். மேலே, உலக யுத்தம் முடிந்த கையோடு ஆமிக்காரர்கள் எறிந்துவிட்டுப் போன ஒரு பழைய ஸ்பீக்கர், முகட்டு வளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“மச்சான், இது என்ன?”

“கம்பி.”

“கம்பி எண்டு எனக்கும் தெரியும். எங்கரிந்து வருது?”

“உங்கட பொட்டில இரிந்து.”

“ஆரக் கேட்டு எடுத்தீங்க?”

மச்சான் வாயிலிருந்த குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். “நீங்க ஆரக் கேட்டு எடுத்தீங்களோ, அவரத்தான்” என்று கத்தரிக்கோலால் வானத்தைக் காட்டினார்.

பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கடையில் இருந்துகொண்டு ஐயாவைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தான்.

வீட்டுக்குப் போய்ப் பெண்சாதியிடம் சொன்னேன். உன் காக்கா கள்ளன் என்று சொன்னேன். அவள் நோன்புக் கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பாராமலே பதில் சொன்னாள்.

“கம்பி போற வழியக் காட்டினது நான்தான். என்ட வளவுக்குள்ளால என்ட காக்கா ஒரு கம்பி கொண்டுபோனா அது களவா? அப்ப நீங்க இவ்வளவு நாளும் என்ட கமுகுல கம்பி கட்டி வெச்சிரிக்கிறது என்ன?”

அவளோடு கதைத்து வெல்ல முடியாது. வென்றால் படுக்கக் கடைக்குத்தான் போக வேண்டும். நான் பள்ளிவாசலுக்குப் போனேன்.

எங்கள் ஊரில் பிணக்கு என்றால் பொலிசுக்குப் போக மாட்டோம். தாய்வழிக் குடிக்கு ஒருவராக மரைக்கார்மார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பார்கள். அவர்கள் கூடித் தீர்ப்பார்கள். களவு என்று அங்கே ஒருவனுக்குத் தீர்ந்துவிட்டால், அவன் பெயர் அவ்வளவுதான். நான் கேட்டது அந்தத் தீர்ப்பைத்தான். மச்சானுடைய பெயரை வெட்டி விழுத்த அல்ல. என் பொருள் என் பொருள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விழுந்தால் நான் பிடிக்கப் போவதில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் விறாந்தையில் கூடினார்கள். தலைமை மரைக்கார் நெல்லுச் செய்கைக்காரர். மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களுக்குப் பல காலம் வட்டவிதானையாக இருந்து, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு, தண்ணீருக்காக மண்வெட்டி தூக்கியவர்களைப் பிரித்துவிட்டவர். பக்கத்தில் தொழுகை நடத்துகிற லெவ்வை, வயதானவர், கண் பாதி மூடியபடி. நோன்புக் களைப்பில் எல்லோருக்கும் உதடு காய்ந்திருந்தது. ஆனால் ஒருவரும் வராமல் விடவில்லை.

“களவு போன எண்டு சொல்றா. என்ன போன? பொட்டி இரிக்கா?” என்று கேட்டார் தலைமை மரைக்கார்.

“இரிக்கி.”

“பற்றரி?”

“இரிக்கி.”

“சத்தம்?”

“அதுவும் இரிக்கி. மெலிஞ்சிபோய் இரிக்கி.”

பின்னால் யாரோ, நோன்பு மாதம்தானே, மெலியத்தான் செய்யும் என்றான். லெவ்வை கண்ணைத் திறந்து பார்த்ததும் அடங்கினார்கள்.

மச்சானிடம் கேட்டார்கள். அவர் நான் ஐயாவுக்குச் சொன்னதையே ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். கதவைத் தட்டவில்லை, கேட்டதால் ஒரு சொட்டும் குறையவில்லை, குறையாத பொருளை எடுத்தால் அது எப்படிக் களவு, மழைக்கும் காசா. என் சொல்லை என் மேலேயே எறிந்தார். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. என் சொல் அவர் வாயிலும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் விடவில்லை. காற்றில் வருவது வேறு, கம்பியில் போவது வேறு என்றேன். காற்றில் வருவது அல்லாஹ்வுடைய பொது. அதைப் பிடித்து, பெட்டிக்குள் அடைத்து, பற்றரி கொடுத்துப் பாட வைத்தவன் நான். பிடித்த மீன் பிடித்தவனுடையது. கடல் பொது என்பதற்காக என் தோணிக்குள் கை விடலாமா?

தலைமை மரைக்கார் தாடியைத் தடவினார். கடல் கதை அவருக்குப் பிடிக்காது. வயலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“மேல் வயலுக்குத் தண்ணி கட்டினா வரம்பால ஊறிக் கீழ் வயலுக்கும் வரும். அது கசிவு. கசிவுக்கு ஒருத்தனும் கேள்வி கேக்கேலா. நாப்பது பேர் றோட்டில நிண்டு உன்ட றேடியோவக் கேட்டா அது கசிவு. ஆனா கீழ் வயல்காரன் வரம்ப வெட்டி எடுத்தா, அது களவு. டெயிலர் கம்பி போட்டது கசிவு இல்ல. வரம்பு வெட்டினது.”

நான் எழுந்தே விட்டேன். மச்சானின் முகம் கறுத்துப்போனது. அந்த நிமிஷத்தில் கூட்டத்தை முடித்திருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆனால் மனிதர் முடிக்கவில்லை.

“இரி மனே. இன்னும் முடியல்ல. மேல் வயல்காரனுக்குத் தண்ணி எங்கரிந்து வந்த? வாய்க்கால்ல இரிந்து. வாய்க்காலுக்கு வரி கட்டினயா? கட்டல்ல. காத்துல அதுபாட்டுக்குப் போகுது எண்டா. மறுகா அந்தக் கமுகு மரத்தில ஏறிக் கட்டி வெச்சிரிக்கிறது என்ன? கொடியா? அதுவும் கம்பிதானே. அதுவும் வரம்பு வெட்டினதுதானே.”

என்னிடம் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. அதை எடுத்தேன்.

“அப்பிடியெண்டா மரைக்கார், போன பெருநாள் என்ன? அந்தப் பிறை என்ட பொட்டிலதான் வந்த. நீங்கதான் நிண்டு கேட்ட. நான் கள்ளன் எண்டா, நீங்க எல்லாரும் களவெடுத்த பிறைலதான் பெருநாள் எடுத்த.”

இப்போது மரைக்கார்மாரின் முகங்கள் கறுத்தன. ஒருவர் விரலை மடக்கி, அப்படியானால் ஒரு நோன்பைத் திருப்பிப் பிடிக்க வேண்டுமா என்று யோசித்தார். இன்னொருவர், கள்ளப் பிறையில் பெண்சாதிக்கு வாங்கிக் கொடுத்த சேலைக்கு என்ன சட்டம் என்றார். எல்லோரும் லெவ்வையைப் பார்த்தார்கள். அவர் மெதுவாகத்தான் கதைப்பார்.

“கள்ளன் ஓடி வந்து உங்கட ஊட்டில நெருப்பு எண்டு சொன்னா, நீ கள்ளன் எண்டு சொல்லித் தண்ணி ஊத்தாம இரிப்பியளா? செய்தி மெய். பெருநாள் செல்லும். அது தெரியாம செஞ்சது. இனித் தெரிஞ்சி செய்யேலா.”

தீர்ப்பு இப்படி வந்தது. மச்சான் என் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு ஈடாக, வாய்க்கால் வெட்டுக்கு ஆள் போகிற மாதிரி, பற்றரியை ஆலைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். நான் லைசன் எடுக்க வேண்டும். எடுக்கும் வரைக்கும் இருவர் மேலும் களவு தீராமல் நிற்கும். என் றேடியோவில் வருகிற பிறையை ஊர் எடுக்காது.

மச்சான் அடுத்த நாளே பற்றரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். நான் லைசன் எடுக்கவில்லை. காசில்லாமல் அல்ல. எடுத்தால், அவ்வளவு நாளும் நான் கேட்டது களவு என்று நானே கைநாட்டு வைத்ததாக ஆகிவிடும். தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் கெஞ்சினார்கள். பெருநாளை நினைத்துப் பார் என்றார்கள். கல்முனையில் புரியாணி வேகும்போது நாங்கள் கஞ்சி குடிப்பதா என்றார்கள். மரைக்கார்மாரிடம் கேளுங்கள், தீர்ப்பை மாற்றச் சொல்லுங்கள் என்றேன். பெண்சாதி மட்டும் கெஞ்சவில்லை. விடியுமுன் சஹருக்குச் சோறு வைத்தாள், கறியை மறந்துவிட்டாள். ஒரு நாள் அல்ல.

இருபத்தொன்பதாம் நோன்பன்று வானம் மறுபடியும் மூடிக்கிடந்தது. மேற்கே வயல் பக்கம் ஒரு கீற்றும் இல்லை. அஸர் முடிந்ததும் ஊர் என் கடை முன்னால் வந்து நின்றது. தலைமை மரைக்கார் வந்தார், லெவ்வையை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பறை அடிக்கிறவரும் பறையோடு வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துத் தபால் கந்தோர் ஐயாவின் சைக்கிள் வந்தது. பின்னால் பெட்டி கட்டக் கயிறும் கொண்டுவந்திருந்தார்.

லைசன் இருக்கிறதா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார். அன்று காலையில் பற்றரி கொண்டுபோன வழியில் லைசனும் எடுத்திருக்கிறார். தன் பெயரில். இடம் எது என்ற கேள்விக்கு எங்கள் வளவைச் சொல்லியிருக்கிறார். வளவுக்காரி சம்மதம் கொடுத்திருக்கிறாள். வளவுக்காரி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. வேலிக்குப் பின்னால் முக்காட்டின் ஓரம் தெரிந்தது.

ஐயா கடதாசியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“லைசன் சரி. ஆனா உவற்ரை பேரிலையெல்லோ கிடக்கு. அண்டைக்கு நீர்தானே என்னோட கதைச்சனீர். ஒண்டைச் சொல்லும். இந்தப் பெட்டி ஆற்ரை?”

அந்த இடத்தில் நான் நின்ற நிலையை நீங்கள் யோசித்துப் பாருங்கள். என்னுடையது என்றால், லைசன் இல்லாத பெட்டி. கயிறு போட்டுக் கட்டுவார், சைக்கிளில் போகும், பிறையும் போகும். பறை தோளிலிருந்து இறங்கும். இத்தனை பேருக்கும் நாளைக்கும் நோன்பு. வண்டிலில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தவன் நான், கமுகில் ஏறியவன் நான், வெயிலில் கையில் தோல் உரிந்தவன் நான். ஊர் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. மச்சான் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

“மச்சான்ட” என்றேன்.

ஐயா கயிற்றைச் சுருட்டிக் கரியரில் வைத்தார். ஐயாவுக்கு ஒரு தேத்தண்ணி போடச் சொல்லுங்கோ என்று யாரோ சொன்னார்கள். நான் நோன்பு, கடை பூட்டு என்றேன்.

மஃரிப் தொழுது கஞ்சி குடித்த பிறகு நான்தான் குமிழைத் திருகினேன். அது என் கைக்குத்தான் அடங்கும். மச்சான் திருகினால் இரைச்சல்தான் வரும். அரபு ஓதி முடிந்து, செய்தி வந்தது. பிறை கண்டாயிற்று. தலைமை மரைக்கார் கையை உயர்த்தினார், பறை முழங்கியது. எல்லோரும் மச்சானைக் கட்டிப்பிடித்தார்கள். தெருவில் போகிறவர்கள், டெயிலரின் றேடியோவில் பிறை வந்துவிட்டதாம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். நான் குமிழைப் பிடித்தபடியே நின்றேன்.

பெருநாள் காலையில் தொழுதுவிட்டு வரும்போது மச்சான் முஸாபஹா செய்யக் கையை நீட்டினார். கையைப் பிடித்துக்கொண்டே, நோன்போடு பொய் சொன்னீர்களே என்று காதுக்குள் சொன்னார், சிரித்துக்கொண்டு. நானும் கையை விடவில்லை.

“பொய்யெண்டா பொட்டியத் தாங்க. மெய்யெண்டா பற்றரிக்குக் காசத் தாங்க.”

இரண்டையும் தரவில்லை. ஆனால் சாகும் வரைக்கும் லைசனை வருஷா வருஷம் தவறாமல் எடுத்தார், பற்றரியும் சுமந்தார், அதை நான் மறைக்க மாட்டேன். களவு என்ற வழக்கு அப்படியே அடங்கிப் போனது. சொந்தப் பெட்டியை ஒருவன் களவெடுக்க முடியாதல்லவா. நான் என்ன ஆனேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் கடையில், என் பலகைத் தட்டில் இருந்த பெட்டிக்கு நான் காவல்காரன் ஆனேன். ஒரு முறை தலைமை மரைக்காரிடம் முறையிட்டேன். நீதானே நாலு பேர் முன்னால் சொன்னாய் என்றார்.

பிறகு வாசிகசாலை திறந்தார்கள். மச்சான் அந்தப் பெட்டியை வாசிகசாலைக்கு அன்பளிப்புச் செய்தார். என் பெண்சாதி அதை இறக்கிக் கொடுத்தாள். அந்தப் பலகைத் தட்டு பீங்கான் அடுக்க வேண்டுமாம். அது இன்றைக்கும் அங்கே கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. மேலே பலகையில், இந்த ஊருக்கு வானொலியைக் கொண்டுவந்து தந்தவர் என்று எழுதி, மச்சானின் பெயர் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போகிறார்கள்.

வாசிகசாலைக் கமிட்டிக்கு நான் சொல்வது இதுதான். அவர் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. லைசன் எடுத்தது அவர், அது மெய். ஆனால் லைசன் பாடாது. பெட்டிதான் பாடும். அந்தப் பெட்டியை ஊருக்குக் கொண்டுவந்தவன் நான். ஐயா கயிற்றோடு நின்ற அன்று, ஒரே ஒரு சொல்லால் அதை ஊரிலே நிறுத்தியவனும் நான்தான். அந்தச் சொல்லுக்கு நான் கொடுத்த விலையை ஒருவரும் லைசன் காசில் கட்ட முடியாது. ஆகவே என் பெயரும் அங்கே வர வேண்டும். பலகையில் இடம் இல்லை என்று செயலாளர் சொல்கிறார். நான் போய் முழக்கோல் வைத்து அளந்து பார்த்தேன். மச்சானின் பெயருக்கு மேலே ஒரு வரி எழுத இடம் தாராளமாக இருக்கிறது.